கொங்கணத்தில் மழை, நாங்கள் மாதுங்காவில்

உங்கள் கைப்பேசியில் எத்தனை ஊர் வானிலை வருகிறது என்று கேட்டால் நம் வயதுக்காரர்கள் கொஞ்சம் நெளிவார்கள். இருக்கும் ஊர் ஒன்று, பிள்ளை இருக்கும் ஊர் ஒன்று. இரண்டு பிள்ளை பெற்றவர்களுக்கு மூன்று. என்னுடையதில் நான் இருக்கும் பம்பாய்ச் செம்பூர் எங்கோ அடியில் கிடக்கிறது. மேலே, தள்ளித் தேடாமலே தெரியும்படி, என் மகள் வேலை பார்க்கும் ஜெர்மானிய ஊர். அதன் பெயரைச் சொல்லப் பழக எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஆயிற்று. இன்னும் தொண்டையில் மீன்முள் சிக்கிய மாதிரிதான் வருகிறது, நாங்கள் சைவம்.

அந்த ஊருக்கு மட்டுமல்ல, அந்த வட்டாரத்துக்கே சேர்த்து வாரா வாரம் ஒரு கணிப்பு போடுகிறார்கள். இந்த வாரம்: பருவத்துக்குக் குளிர் குறைவு, விட்டு விட்டு மழை, மேட்டுப் பகுதிகளில் காலை மூடுபனி, வெயில் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இலையுதிர் காலத்தின் கடைசி வாரங்கள் அங்கே இப்படித்தானாம். நமக்கு அந்தக் காலமே கிடையாது. செம்பூரில் இலை மார்ச்சில் உதிர்கிறது, அதையும் முனிசிபாலிட்டி ஆள் பெருக்கித் தள்ளிவிடுகிறார். இருந்தாலும் ராசிபலன் பார்க்கிற சிரத்தையோடு தினம் படிக்கிறேன். நேற்றுக் காலை மனைவி பால்கனியிலிருந்து, "இன்னிக்குத் துணி காயுமா?" என்றாள்.

"காயாது. சாயங்காலம் வரைக்கும் தூறல்."

அவள் வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், துணியை உலர்த்தினாள். "உங்காத்து வியாதி" என்றாள்.

அவள் சொன்னது மருத்துவ ரீதியாகச் சரி. இது பரம்பரையாக வருவது. எங்கள் வீட்டில் அது முற்றிப்போன ஓர் ஐப்பசி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அப்போது நாங்கள் பம்பாய் மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிளை ஒட்டிய ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தோம். ஓர் அறை, ஒரு சமையலறை, துணி உலர்த்த மட்டுமே அகலமுள்ள ஒரு பால்கனி. அறையில் இரும்புக் கட்டில், தலைமாட்டில் ஸ்டூல், ஸ்டூல் மேல் ரேடியோ. காலையில் தமிழ்ச் செய்தி ஆரம்பிக்கும்போது அப்பா சட்டையின் முதல் பித்தானைப் போடுவார். வானிலைக்கு வரும்போது கடைசிப் பித்தான். அந்த நேரத்தில் யாரும் தும்மக்கூடக் கூடாது. தென்மேற்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை. நாகப்பட்டினம், கடலூர் கரையோரம் பலத்த காற்று. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம்.

நாங்கள் போகவில்லை. அப்பா லோக்கல் ரயில் பிடித்துக் கோட்டைப் பக்கம் ஆபீஸுக்குப் போனார். அம்மா, "மாயவரத்துல இன்னிக்குக் கொட்டப் போறது, என் தம்பி வைக்கோலை உள்ள போட்டானோ இல்லையோ" என்று கவலைப்பட்டாள். அந்தக் கவலையில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வீட்டுக்குள் நாகப்பட்டினம் வரைக்கும் அத்துப்படி. தெருமுனையில் என்ன வானம் என்பது தெரியாது.

அப்பா ஒரு கப்பல் கம்பெனியில், பில் போடும் பிரிவில் குமாஸ்தா. கப்பலை அவர் பார்த்ததெல்லாம் கம்பெனி கொடுத்த காலண்டரில்தான். ஆனால் கட்டடத்தில் அவருக்கு மாலுமியின் மரியாதை. கப்பல் கம்பெனியில் இருக்கிறவருக்குத் தெரியாத மழையா என்று எல்லோரும் நம்பினார்கள். எல்லோரும் நம்புவதைத் தான் மட்டும் நம்பாமலிருப்பது மரியாதையில்லை என்று அப்பாவும் நம்பினார்.

சரஸ்வதி பூஜையன்று மற்ற வீடுகளில் புத்தகம் அடுக்குவார்கள். எங்கள் வீட்டில் புத்தகங்களுக்குப் பக்கத்தில் குடைகளும் படுத்திருக்கும். பம்பாய்க் குமாஸ்தாவுக்கு ஆயுதம் என்றால் குடைதான் என்பது அப்பாவின் கட்சி. வளைந்த பிடியில் சந்தனம், குங்குமம். மறுநாள் விஜயதசமி, குடைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, பாச்சை உருண்டை போட்டு, பரணில் ஏற்றுவார். அதோடு மழை முடிந்தது. தசராவுக்கு மேல் பம்பாயில் மழை கிடையாது என்பது சட்டம். அப்பா அதற்குக் கையெழுத்துப் போடும் அதிகாரி. எங்கள் குடை பரணேறிய செய்தி மாடிப்படி வழியே பரவி, சாயங்காலத்துக்குள் கட்டடத்துக் குடைகள் அத்தனையும் பரணேறிவிடும்.

அம்மா மட்டும், "ஐப்பசியில அடைமழைம்பா" என்று முணுமுணுப்பாள்.

"அது மாயவரத்து ஐப்பசி. அதுக்கு இங்க வேலை இல்லை" என்பார் அப்பா, தினமும் வங்கக் கடலைக் கேட்டுவிட்டுப் பித்தான் போடுகிற அதே அப்பா.

கட்டடத்து வாசலை ஒட்டி, நடைபாதையோரம், குடை பாயின் கடை. கடை என்றால் ஒரு மர மேசை, ஒரு முக்காலி, சுவரில் அடித்த ஆணிகள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குடியிருப்பு தாராவியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. மழைக்காலத்தில் குடை விற்பார், ஒடிந்த கம்பி மாற்றிக் கொடுப்பார். தசரா கழிந்ததும் அதே மேசையில் சிவகாசிப் பட்டாசு. அன்றிலிருந்து குழந்தைகள் நாங்கள் அவரைப் பட்டாசு பாய் என்போம். அதைப் பதவி உயர்வாகவே அவர் எடுத்துக்கொள்வார்.

மழைக்காலம் முழுக்க அவர் வீட்டுக் கூரைமேல் ஒரு தாட்பத்ரி கட்டியிருக்கும். தார்ப்பாய்க்குப் பம்பாய்ப் பெயர் அது. வாடகைக்கு எடுப்பது, மழை போனது உறுதியான அன்றே அவிழ்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். அந்த உறுதிக்குத்தான் அப்பாவிடம் வருவார்.

"சார்வாள், மழை முடிஞ்சிட்டா?"

அப்பா வானத்தைப் பார்க்கமாட்டார். பரணைப் பார்ப்பார். "குடை மேல போயாச்சு, பாய்."

"அப்பம் தாட்பத்ரிய அவுத்திரலாங்கியளா?"

"இன்னும் என்னத்துக்குக் கட்டி வெச்சிண்டு? அவுத்துக் குடுத்துடுங்கோ."

"கப்பல் கம்பெனியே சொல்லியாச்சு, பொறவென்ன" என்று பாய் படியிறங்கிப் போவார்.

அந்த வருடமும் அப்படித்தான் கேட்டார், அப்படித்தான் போனார். ஆனால் அந்த வருடம் வழக்கத்தைவிட மூட்டை மூட்டையாகச் சரக்கு எடுத்திருந்தார். குர்லாவில் ஒரு கடை பார்த்திருந்தார். தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு.

"ஷட்டர் போட்ட கடை, சார்வாள். சாயங்காலம் இழுத்து விட்டா டர்ர்னு ஒரு சத்தம் வரும் பாருங்க. வாழ்நாள்ல ஒரு தடவயாவது அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு வீட்டுக்குப் போவணும். எத்தன வருசந்தான் மேசயத் தூக்கித் தலயில வச்சிக்கிட்டு அலையதுக்கு?"

தீபாவளிக்கு முந்தைய வாரம். எங்கள் எதிர்வீட்டில் ஒரு மராத்திக் குடும்பம். அந்த வீட்டு அம்மாளை நாங்கள் எல்லோரும், அப்பா உட்பட, வஹினி என்போம், மராத்தியில் அண்ணி. அவர்கள் ரேடியோவில் மராத்திச் செய்தி ஓடும். ஒரு காலை, மாவு மில்லுக்குக் கிளம்பியவள் எங்கள் வாசலில் நின்றாள்.

"பாவுஜி, ரேடியோ மே போலா, கோகண் மே பாரிஷ் ஹை. சத்ரி நிகாலோ."

கொங்கணத்தில் மழையாம், குடையை இறக்குங்கள் என்கிறாள். அப்பா பெரிய மனது பண்ணிச் சிரித்தார். அவள் போனதும் அம்மாவிடம், "கொங்கணம்னா ரத்னகிரி, கோவா, அந்தப் பக்கம். அங்க மழை பெஞ்சா நமக்கென்ன?" என்றார்.

"தமிழ்ல என்ன சொன்னான்?" என்றாள் அம்மா.

"வறண்ட வானிலை."

"அப்போ சரி" என்று அம்மா, கோல மாவு மாதிரி நைஸாக அரைத்து வைத்திருந்த முறுக்கு மாவைப் பால்கனியில் காய வைத்தாள்.

மழை மத்தியானம் வந்தது. ஜூலை மழை கதவை உடைத்துக்கொண்டு வரும். இது அப்படி இல்லை. செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, காபி கொடுத்தால் குடிக்கிறேன் என்கிற தினுசு மழை. இடியில்லை, காற்றில்லை, குளிர்கூட இல்லை. பதமாக, மிருதுவாக, போகிற உத்தேசமே இல்லாமல் பெய்தது. மாவு கூழாயிற்று. சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து கட்டடத்து ஆண்கள் ஒவ்வொருவராக, தலைமேல் டிபன் பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். வாசலில் நின்று, எங்கள் பால்கனியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். அப்பாவும் நனைந்துதான் வந்தார். அவருக்கு நிமிர்ந்து பார்க்க வேறு பால்கனி இல்லை.

அவர் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது கீழே கைவண்டிச் சத்தம். பாய். பட்டாசுப் பெட்டிகளின் மேல் ஜமுக்காளம், அதன் மேல் அவர் வீட்டுச் சேலைகள், எல்லாவற்றுக்கும் மேல் அவர் சட்டை. அவர் வெறும் பனியனோடு நின்றார். பனியனில் தண்ணீர் சொட்டியது.

"கூரை ஒழுகுது, சார்வாள். கட்டிலுக்கு மேல ஒழுகுது, அடுப்புக்கு மேல ஒழுகுது. சரக்குக்கு மேல மட்டும் ஒழுகாதுங்கதுக்கு அது என்ன எம் மச்சானா? தாட்பத்ரி கேட்டுப் போனேன், எல்லாம் போயிட்டுங்கான். மாடியில கொஞ்சம் எடம் தருவியளா?"

அப்பா துண்டும் கையுமாக நின்றார். அம்மாதான், "நின்னுண்டு என்ன பண்றேள்? பரண்ல இருக்கற குடையெல்லாம் எறக்குங்கோ, பெட்டியை ஏத்தணும்" என்றாள்.

அப்படியாக, எங்கள் வீட்டு வரலாற்றில் முதல்முறையாக, குடைகள் தசராவுக்குப் பின் பரணிறங்கின. நெற்றியில் குங்குமம்கூட அழியவில்லை.

பரண் நிறைந்தது. கட்டிலடி நிறைந்தது. ஈரம் பட்ட பெட்டிகளைப் பிரித்து, தரையில் செய்தித்தாள் விரித்து, சக்கரமும் புஸ்வாணமும் கம்பி மத்தாப்பும் மின்விசிறிக்கடியில் பரப்பினார்கள். நடக்க ஒற்றையடிப் பாதை விட்டிருந்தது. வீடு முழுக்க வெடிமருந்து வாசனை. தலையணையில், பாடப் புத்தகத்தில், தயிர்சாதத்தில். அம்மா தீ என்ற சொல்லையே வீட்டுக்குள் தடை செய்தாள். சுவாமி விளக்கு இல்லை, ஊதுவத்தி இல்லை. சமையல் எதிர்வீட்டில். வஹினி ஒரு அடுப்பில் சக்லி பிழிய, அம்மா பக்கத்து அடுப்பில் முறுக்குப் பிழிந்தாள். இரண்டும் ஒன்றுதான் என்பதை இருவரும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அப்பா தன் சாயங்காலச் சிகரெட்டைத் தெருவில், குடை பிடித்துக்கொண்டு குடித்தார். பிறகு மேலே வந்து வெடிகளின் மேல் படுத்துக்கொண்டார். இப்படி ஒரு வாரம் வாழ்ந்த குழந்தையின் ஆனந்தத்தை நான் விவரிக்கப்போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

ஆனந்தம் எனக்குத்தான். பாய் காலையும் மாலையும் வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அப்பளம் புரட்டுகிற மாதிரி ஒவ்வொரு சக்கரத்தையும் புரட்டிப்போட்டு, மூக்கருகே வைத்து மோந்து பார்ப்பார். நமத்ததை ஓரமாக வைப்பார். ஓரக் குவியல் வளர்ந்துகொண்டே வந்தது. ஜன்னலுக்கு வெளியே அதே நல்ல பிள்ளை மழை. அவர் முகத்தைப் பார்த்தால் குர்லா ஷட்டர் ஒவ்வொரு நாளும் ஒரு சாண் கீழே இறங்குவது தெரிந்தது.

ஒரு காலை அவர் அப்படிப் புரட்டிக்கொண்டிருக்கும்போது அப்பா பழக்கதோஷத்தில் ரேடியோவைத் திருப்பிவிட்டார். தமிழ்நாடு, புதுவையில் வறண்ட வானிலை நிலவும் என்றது அது, கணீரென்று.

பாய் தலை நிமிரவில்லை. "சார்வாள், நாகப்பட்டினத்துல ஒருத்தரும் நனையலயே?" என்றார்.

அப்பாவின் விரல் கடைசிப் பித்தானில் நின்றுவிட்டது. வாசலில் நின்றிருந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா ரேடியோவை அணைத்தார். விடுவிடென்று எதிர்வீட்டு வாசலுக்குப் போனார். வஹினி எண்ணெய்ச் சட்டியின் முன் ஜல்லிக் கரண்டியோடு நின்றாள்.

"வஹினி, ஆஜ் கோகண் மே கைசா ஹை?" என்றார் அப்பா. இன்று கொங்கணத்தில் எப்படி என்று, தூரத்து உறவினர் உடம்பை விசாரிக்கிற குரல்.

வஹினி கரண்டியால் ஜன்னலைக் காட்டினாள். "அரே பாவுஜி, கிட்கி கோலோ! யஹீச் தோ கோகண் ஹை!"

ஜன்னலைத் திறங்கள், இதுதான் கொங்கணம்.

அப்பா ஜன்னலைப் பார்த்தார். மழையில் தபால் பெட்டி, எதிர்க் கட்டடம், ஒண்டி நிற்கும் காக்கை. கடலோரக் கீற்றுக்கு மொத்தமாகச் சொல்கிற கணிப்பில் நாமும் சேர்த்தி என்பது அவருக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. அவர் பம்பாயில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் செய்து, என்னைப் பெற்று, பள்ளியில் போட்ட பிறகு. வாடகை ரசீதில் பம்பாய் என்று மட்டும்தான் போட்டிருந்தது.

திரும்பி வந்தார். ஒற்றையடிப் பாதையின் நடுவில் நின்றார்.

"பாய், நாம கொங்கணத்துல இருக்கோமாம்."

பாய் கையிலிருந்த சக்கரத்தைக் கீழே வைத்தார். "எப்பம் இருந்து?" என்றார்.

முதலில் யார் சிரித்தார்கள் என்று நினைவில்லை. அப்பா சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று கட்டிலில் உட்கார்ந்து, கட்டிலடிச் சரக்கு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது முழுக்கச் சிரிப்புத் தண்ணீர்தான் என்று அப்போது நினைத்தேன். அப்பா மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அன்று ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பாய்க்கு எதிரே உட்கார்ந்து சக்கரம் புரட்டினார்.

தீபாவளிக்கு முதல் நாள் மழை வந்த மாதிரியே, சொல்லாமல் எழுந்து போய்விட்டது. பாய் மேசை போட்டார். கட்டடமே அவரிடம்தான் வாங்கியது. விடியற்காலையில் அணுகுண்டு என்று பெயர் போட்டவை இருமின. ராக்கெட் யோசித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. புஸ்வாணத்திலிருந்து ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. யாரும் பாயிடம் சண்டைக்குப் போகவில்லை. எங்கள் பால்கனியை நிமிர்ந்து பார்த்தார்கள்.

குர்லா கடையை ஒரு டேப் ரிக்கார்டர் ரிப்பேர்காரன் எடுத்துக்கொண்டான். "போவட்டும், இன்னொரு மழ பாப்போம்" என்று பாய் மேசையைத் தலையில் தூக்கிக்கொண்டு போனார். பல வருடம் கழித்து அதே குர்லாவில், சந்துக்குள், வேறொரு கடை பிடித்தார். ஷட்டர் உண்டு. சத்தம் அவ்வளவு இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

இதில் எனக்கு அப்போது விளங்காதது அடுத்த வருடம் நடந்தது. சரஸ்வதி பூஜை, குடைகளுக்குச் சந்தனம், மறுநாள் பரண் எல்லாம் வழக்கம்போல. பாய் படியேறி வந்தார்.

"சார்வாள், மழை முடிஞ்சிட்டா?"

அப்பா பரணைப் பார்த்தார். "முடிஞ்சது, பாய்."

"அப்பம் அவுத்திருதேன்."

தீபாவளிக்கு முன் அப்பாவும் நானும் முறுக்கு டப்பாவோடு தாராவிக்குப் போனோம். நல்ல வெயில். பாய் வீட்டுக் கூரைமேல் தாட்பத்ரி, நாலு பக்கமும் கயிறு போட்டு, முரசு மாதிரி விறைப்பாகக் கட்டியிருந்தது. அப்பா அதைப் பார்த்தார். அப்பா பார்ப்பதைப் பாய் பார்த்தார்.

"காக்கா தொல்ல, சார்வாள்" என்றார் பாய். "கூரையில வந்து வந்து உக்காருது. அதான் அவுக்கல."

"ஆமாமா" என்றார் அப்பா. "இந்த வருஷம் காக்கா ரொம்ப ஜாஸ்தி."

திரும்பி வரும்போது அப்பா கையில் குடை இருந்தது. பரணேறியவற்றில் ஒன்று குறைவு என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். பெரியவர்கள் இருவரும் சேர்ந்து பொய் சொல்கிறார்கள், யாரை ஏமாற்ற என்றுதான் தெரியவில்லை என்று எனக்குக் கோபமாக வந்தது. பஸ்ஸில் அப்பாவோடு பேசவில்லை.

இன்று மத்தியானம் மாத்திரை வாங்கக் கிளம்பினேன். ஜெர்மனியில் இந்த நேரம் மழை இடைவெளி விடும் என்று பார்த்துவிட்டு, நிம்மதியாக, வெறுங்கையோடு. செம்பூர் ஸ்டேஷன் பக்கம் பிடித்துக்கொண்டது. அதே பழைய, பதமான மழை. மருந்துக் கடையின் தகரத்தடியில் ஒதுங்குவதற்குள் தொப்பல். பையில் போன் அடித்தது. மகள்.

"அப்பா, கொங்கண் பூரா ரெண்டு நாளைக்கு மழைன்னு போட்டிருக்கானே. வெளியில போனா குடை எடுத்துண்டு போறியா?"

"எடுத்துண்டுதான் வந்தேன்" என்றேன். மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. "நீ? அங்க விட்டு விட்டு மழையாச்சே. சளி எப்படி இருக்கு?"

"சளியெல்லாம் போயாச்சு. நான் ஆத்துலதான் இருக்கேன், ஹீட்டர் போட்டுண்டு."

அவள் காதருகே டிராம் மணி அடித்தது. யாரோ குடையை உதறி மடக்குகிற சத்தமும் கேட்டது.

"நல்லதாப் போச்சு" என்றேன்.

மழை வலுத்துத் தகரத்தில் தடதடவென்று இறங்கியது. "அங்க என்னப்பா சத்தம்?" என்றாள்.

"காக்கா" என்றேன். "கூரையில வந்து வந்து உக்காருது."